மூன்றாவது அழைப்பு

அத்தியாயம் 11

ஹர்தாதி அம்மாவின் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தவர்கள் பாதித் தட்டோடு எழுந்து போய் இன்றோடு ஐந்து நாள். சோலோ நகரத்தின் அந்தச் சந்தில் இந்த ஐந்து நாளும் யாரும் வேறு எதையும் பேசவில்லை. பத்து வயதுக் கினாசி கூப்பிடாத வீட்டுக்குள் நுழைந்தாளாம். மாப்பிள்ளை வீட்டாருக்குப் போட்டிருந்த நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாளாம். ஆறு லெம்பர் சோற்றுப் பொட்டலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாழையிலை பிரித்து, உள்ளே இருந்த கோழிக்கறி வரை ரசித்துத் தின்றாளாம். அப்புறம் மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே "பொண்ணு எங்கேம்மா?" என்று கேட்டதற்கு, "அடுப்படியில அழுதுட்டு இருக்காங்க, காலைலேருந்து" என்று பதில் சொன்னாளாம்.

பெண் அழுதது உண்மை. அதுதான் தொல்லையே. பொய்யாக இருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஹர்தாதி அம்மா பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவி. பள்ளியின் தலைமையாசிரியை சுமியாதியோ கினாசியின் சொந்த அத்தை. திங்கள்கிழமை கொடியேற்றத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு முன்னால் கினாசி மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கும் சிறப்புப் பள்ளிக்கு மாற்றிவிட வேண்டும் என்று தலைவி சொன்னாள். தலைமையாசிரியை சரி என்று தலையாட்டினாள்.

அந்தத் திங்கள்கிழமை இன்றுதான்.

காலை ஆறு மணி. அம்மா ரெத்னோ கினாசியின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் சுமியாதி எழுதி அனுப்பிய மன்னிப்புக் கடிதம் இருந்தது. முத்து முத்தான கையெழுத்து. அதன் முன்னால் கினாசி சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை மூணு தப்புப் பண்ணியிருக்காங்க" என்றாள்.

ஐந்து நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. ரெத்னோவுக்குக் கை நின்றுவிட்டது. சுவரோரம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அப்பா ஹெருவும் நிமிர்ந்து பார்த்தான்.

ரெத்னோ காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். 'அழைப்பின்றி அயலார் இல்லத்தில் நுழைந்தேன்' என்ற வரிக்குக் கீழே கோடு. பக்கத்தில் 'இப்படி நடக்கவில்லை'. 'அறியாமல் பேசிவிட்டேன்' என்பதற்குப் பக்கத்தில் 'அறிந்துதான் பேசினேன்'. 'அனைவரிடமும் மனமார மன்னிப்புக் கோருகிறேன்' என்பதற்குப் பக்கத்தில் 'அனைவரும் என்றால் யார் யார்? பட்டியல் தேவை'.

ஹெருவுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சுமியாதியின் கையெழுத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டான்.

"படிச்சிட்டுப் போகட்டுமே ரெத்னோ. ரெண்டு நிமிஷ வேலை. எல்லாருக்கும் நிம்மதி."

"எல்லாருக்கும்னா யார் யாருக்குப்பா?" என்று கேட்டாள் கினாசி.

"சரி, சரி" என்றான் ஹெரு. அவனிடம் குறைந்தது பத்து வகைச் 'சரி' உண்டு. இது, என்னை விட்டுவிடுங்கள் என்கிற சரி.

ரெத்னோ மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "கூப்பிடாம நுழையலயா நீ? ஹர்தாதி ஆன்ட்டி வீட்டுல உன்னைக் கூப்பிட்டாங்களா?"

"மூணு தடவை. எண்ணிக்கிட்டே நின்னேன். மூணு ஆனதும் போனேன். நீதானேம்மா சொல்லிக்குடுத்த."



ரெத்னோதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்தச் சந்தில் யார் நடந்து போனாலும் வாசலில் நிற்பவர்கள் "வாங்க, வந்துட்டுப் போங்க" என்பார்கள். நடப்பவர் "இருக்கட்டும், இன்னொரு நாள்" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டுவார். யாரும் உள்ளே போவதில்லை. போனால் கூப்பிட்டவருக்கே தூக்கிவாரிப் போடும். மற்றப் பிள்ளைகளுக்கு இது தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. வளைந்துகொடுக்கக் கற்றுத்தரும் ரெத்னோவின் 'லூவெஸ்' வகுப்பில் இருக்கும், கினாசி உட்பட ஆறு பேருக்கு வரவில்லை. பேச்சில் நெளிவுசுளிவு தெரியாத, நினைத்ததை மாற்றி யோசிக்கத் தடுமாறுகிற அந்த ஆறு பேருக்காகத்தான், அதே பள்ளியில் ஆசிரியையான அவள், பள்ளி முடிந்ததும் பழைய சாமான் அறையில் அந்த வகுப்பை நடத்திக்கொண்டிருந்தாள். போன மாதம் அவர்களில் ஒருவனான பிந்தாங், முடிவெட்டும் கடைக்காரர் வாசலில் நின்று கூப்பிட்டார் என்று உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான்.

அதற்கு மறுநாள்தான் அவள் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டினாள். ஒரு தடவை கூப்பிட்டால் மரியாதை. இரண்டு தடவை கூப்பிட்டாலும் மரியாதை. மூன்று தடவை கூப்பிட்டால் நிஜம்.

என்ன பெருமை அன்றைக்கு! பெற்றோர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வளைந்து யோசிக்கக் கற்றுத்தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் கையில் ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதைவிடக் கேவலம், ஊர் சொன்னதை நம்பி "ஏண்டி கூப்பிடாம போன?" என்று அவளும்தான் கத்தியிருந்தாள். கூப்பிட்டார்களா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ரெத்னோவுக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். காகிதத்தை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"ஷூவைப் போடு. கிளம்பலாம்."

"நான் இதைப் படிக்கணுமா?"

"இதை வேண்டாம். உனக்கு எது நிஜமோ அதைச் சொல்லு. சொல்ல எதுவும் இல்லைன்னா சும்மா நில்லு."

"ரெத்னோ, அக்கா சும்மா விடமாட்டா" என்றான் ஹெரு.

"தெரியும். ஹெல்மெட்டை எடுங்க."

*

தலைமையாசிரியை அறையில் இரண்டு டம்ளரில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. சுமியாதி மேசைக்குப் பின்னால். ஹர்தாதி அம்மா சோபாவில், சேலை போர்த்திய பீரோ மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் ரெத்னோ நாத்தனாரை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவாள். பதினோரு வருடப் பழக்கம். இன்றைக்கு வேண்டுமென்றே மாற்றினாள்.

"அண்ணி, கினாசி இதைப் படிக்க மாட்டா."

சுமியாதி கண்ணாடியைக் கழற்றினாள். "இங்க நான் உனக்கு அண்ணி இல்ல."

"அவளுக்கு அத்தைதானே? கடிதம் எழுதறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட நீங்களும் கேக்கல, நானும் கேக்கல. கூப்பிட்டதாலதான் உள்ள போயிருக்கா."

"யார் கூப்பிட்டா?" என்று ஹர்தாதி அம்மா சோபாவிலிருந்து முன்னால் சரிந்தாள். "நல்ல கதையா இருக்கே! வாசல்ல நின்னேன், வாம்மா, வந்துட்டுப் போன்னேன். ரெண்டு தடவை சொல்லியிருப்பேன். யாரைப் பார்த்தாலும் சொல்றதுதானே டீச்சர்? தபால்காரர்கிட்டகூடத்தான் சொல்றேன். அவர் உள்ள வந்து லெம்பர் திங்கறாரா?"

"ரெண்டு தடவையா, மூணு தடவையா?"

"ரெண்டு! அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்துடுச்சு, நான் அந்தப் பக்கம் ஓடிட்டேன். இப்ப எண்ணிக்கை ரொம்ப முக்கியமா? என் பொண்ணு கல்யாணம் அந்தரத்துல தொங்குது. அவங்க வியாழக்கிழமை திரும்ப வரோம்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள அந்தப் பிள்ளை சொன்னதெல்லாம் உளறல்னு ஊர் முன்னாடி ஆகணும்."

"உங்க பொண்ணு லாரஸ் அழலையா?"

ஹர்தாதி அம்மா தேநீரை எடுத்துக்கொண்டாள். "கல்யாணப் பேச்சுன்னா எந்தப் பொண்ணுதான் அழமாட்டா?"

சுமியாதி மேசை இழுப்பறையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து வைத்தாள். பள்ளி மாற்றக் கடிதம். பெற்றோர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

"படிச்சிட்டா இதைக் கிழிச்சிடறேன். படிக்கலன்னா நீ கையெழுத்துப் போடு. அங்க அவளுக்குத் தகுந்த மாதிரி சொல்லிக்குடுப்பாங்க."

"அந்த ஸ்கூலைப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்ல அண்ணி. அவளுக்கு அதுதான் நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க, நானே கொண்டுபோய் விடறேன். தண்டனைன்னு அனுப்பினா, இந்தப் பேனா என் கையில ஏறாது."

"சாமான் ரூம் சாவியையும் வெச்சிடு. உன் வகுப்பால வந்த வினைதானே எல்லாம்."

ரெத்னோ சாவியை வைத்தாள். சாவி பள்ளிக்கூடத்துடையது, வைக்காமல் எப்படி? ஆனால் பேனாவைத் தொடவில்லை. ஹர்தாதி அம்மா சொன்ன இரண்டும் கினாசி சொன்ன மூன்றும் அவள் தலைக்குள் இடித்துக்கொண்டே இருந்தன. கினாசி எண்ணினால் தப்பாக எண்ணமாட்டாள். ஹர்தாதி அம்மாவும் இந்த ஒரு விஷயத்தில் புளுகுகிற மாதிரித் தெரியவில்லை.

*

ஏழு மணி வெயில் மைதானத்தில் சுள்ளென்று அடித்தது. முந்நூறு சிவப்பு அரைப்பாவாடைகளும் கால்சட்டைகளும் வரிசை கட்டி நின்றன. மூன்று பிள்ளைகள் நடை மாறாமல் போய்க் கொடியை ஏற்றினார்கள். பாட்டு முடிந்தது. உறுதிமொழி முடிந்தது. சுமியாதி ஒலிபெருக்கி முன்னால் வந்து, பண்பாடு, மரியாதை, பெரியவர்கள் என்று பத்து நிமிடம் பேசினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நாலாம் வகுப்பு கினாசி முன்னால் வரவும்."

கினாசி வந்தாள். தொப்பி நேராக இருந்தது. ஒலிபெருக்கியின் பக்கத்தில் வந்ததும் அது கீச்சென்று கத்தியது. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"இதை நிறுத்துங்க, ப்ளீஸ்" என்றாள் கினாசி.

"நிறுத்தினா யாருக்கும் கேக்காது."

"நான் சத்தமா சொல்றேன் அத்தை. எல்லாரும் பேசாம இருந்தா கேக்கும்."

சுமியாதி நிறுத்தவில்லை. ஆசிரியர் வரிசையிலிருந்து ரெத்னோ நடந்து போய் வயரைப் பிடுங்கினாள். கொடியேற்றம் முடியும் வரை ஆசிரியர்கள் வரிசையை விட்டு நகரக் கூடாது என்பது அந்தப் பள்ளியில் கல்மேல் எழுத்து. மைதானம் முழுக்க மூச்சு விடாமல் பார்த்தது.

கினாசி கைகளைக் காதிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டாள்.

"என் பேர் கினாசி. எனக்கு எழுதிக்குடுத்ததை நான் படிக்கல, அதுல தப்பு இருக்கு. கூப்பிட்டாங்க, அதனாலதான் நான் உள்ள போனேன். ஆனா ஆறு லெம்பர் சாப்பிட்டேன். ஆறு அதிகம். நிறைய பேர் வரப்போறாங்கன்னு அங்க இருந்த நாற்காலியைப் பார்த்தாலே தெரியும், நான் பாக்கல. அதுக்காக ஹர்தாதி ஆன்ட்டிகிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை கேலிச் சிரிப்பில்லை. சுமியாதி ஒரு அடி முன்னால் வைத்தாள். ரெத்னோ அவள் வழியில் நின்றுகொண்டாள். இடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை.

"இன்னொண்ணு" என்றாள் கினாசி. "லாரஸ் அக்கா அழுதாங்க. அது பொய் இல்ல. ஆனா அது அவங்களோட அழுகை. சொல்லலாமான்னு அவங்ககிட்டக் கேட்டிருக்கணும். கேக்கல. அதுக்காக லாரஸ் அக்காகிட்ட மன்னிப்புக் கேக்கறேன். அவ்வளவுதான். மத்தவங்களுக்கு நான் ஒண்ணும் பண்ணல."

திரும்பித் தன் வரிசைக்குப் போய்த் தன் இடத்தில் நின்றாள்.

ரெத்னோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டு அந்தச் சின்னத் தலை என்ன செய்துகொண்டிருந்தது என்று இப்போது தெரிந்தது. எந்த அட்டையிலும் எழுதாத பாடத்தை அது தானே போட்டுப் பார்த்திருக்கிறது. யாருடைய வலி யாருக்குச் சொந்தம் என்று இந்தச் சந்தில் எத்தனை பெரியவர்களுக்குத் தெரியும்?

"மூணு தடவை கூப்பிட்டா போகலாம்னு சொல்லிக்குடுத்தது நான்" என்று ரெத்னோ எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "குத்தம்னா என் பேர்ல எழுதிக்குங்க மேடம்."

ஹர்தாதி அம்மா குடையைப் படாரென்று விரித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். சுமியாதி உதடு வெளுத்து நின்றாள். "கலையலாம்" என்று சொல்வதற்கு அவளுக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது.

*

மதியம் ஒரு மணிக்கு சாமான் அறைக் கதவில் பூட்டு தொங்கியது. ரெத்னோ சைக்கிள் கொட்டகையில் பாயை விரித்தாள்.

"வகுப்பு இங்கயா? நாம எப்பவும் உள்ளதான் உக்காருவோம்" என்றான் பிந்தாங். மாற்றம் என்றால் அவனுக்கு உடம்பெல்லாம் வேர்க்கும்.

"இன்னைக்கு வெளியில. ஏன்னா நான் வம்பு பண்ணிட்டேன்."

"சாவி பிடுங்கிட்டாங்களா?"

"ஆமா."

பிந்தாங் இதை யோசித்துப் பார்த்தான். "சரி, காத்து வருது" என்று சொல்லிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். மூன்று மாதம் முன்னால் என்றால் வாசலிலேயே அழுதிருப்பான்.

ரெத்னோ தன்னிடமிருந்த, அந்த மூன்று தடவை அட்டையின் நகலை எடுத்து எல்லாரும் பார்க்க இரண்டாகக் கிழித்தாள். ஆறு முகமும் திகைத்தன.

"இது தப்பான பாடம். நான் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன். இனிமே ஒருத்தர் வான்னு கூப்பிட்டா என்ன பண்ணலாம்? நீங்க சொல்லுங்க."

"முகத்தைப் பாக்கலாம்" என்றாள் நிங்ரும் என்ற சின்னப் பெண். "எனக்கு முகம் புரியாது. ஆனா பாக்கலாம்."

"கையில துடைப்பம் இருந்தா போகக் கூடாது" என்றான் பிந்தாங்.

"கேட்டுடலாம்" என்றாள் கினாசி. "நிஜமா கூப்பிடறீங்களான்னு."

"அது மரியாதை இல்ல!" என்றான் பிந்தாங்.

"ஆறு லெம்பர் சாப்பிடறதைவிட மரியாதை."

அப்போதுதான் கேட்டருகே ஸ்கூட்டரோடு நின்ற பெண்ணை ரெத்னோ பார்த்தாள். லாரஸ். ஹர்தாதி அம்மாவின் மகள். ஐந்து நாளாக வீட்டை விட்டு வெளியே விடாமல் வைத்திருந்த பெண். கொட்டகையைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக நின்றாள்.

"வாங்க, வந்துட்டுப் போங்க!" என்று பழக்கத்தில் கத்தினான் பிந்தாங்.

லாரஸ் சிரித்துத் தலையசைத்தாள். ஆனால் நகரவில்லை. கினாசி எழுந்து அவளிடம் போனாள்.

"உள்ள வரணும்னு நிஜமா இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு" என்றாள் லாரஸ்.

பாயில் வந்து உட்கார்ந்து கினாசியைப் பார்த்தாள். "நீ எங்கிட்ட மன்னிப்புக் கேட்டியாமே. அம்மா வந்து குதிச்சுக்கிட்டே சொன்னாங்க. என்னால வீட்டுல இருக்க முடியல டீச்சர். அன்னைக்கு வாசல்ல அம்மா ரெண்டு தடவை கூப்பிட்டுட்டுப் போனப்புறம், அடுப்படி ஜன்னல்லேருந்து மூணாவது தடவை கூப்பிட்டது நான்."

ரெத்னோ மகளைப் பார்த்தாள். "நீ ஏண்டி சொல்லல?"

"யாரு கூப்பிட்டான்னு யாரும் கேக்கலயே" என்றாள் கினாசி.

"அந்த அட்டையோட படம் எங்க சித்தி வீட்டுல ஒட்டியிருக்கு. மூணு தடவை கூப்பிட்டா இவ வருவான்னு எனக்குத் தெரியும்" என்றாள் லாரஸ். "எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். எங்க வீட்டுல வேண்டாம்னு சொன்னாலும் சரின்னுதான் காதுல விழும். இவ மட்டும்தான் கண்ணால பார்த்ததை அப்படியே சொல்லுவா. தப்புதான். ஒரு குழந்தையை முன்னாடி தள்ளிட்டு நான் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்."

"ஆமா, தப்புதான்" என்றாள் ரெத்னோ. சமாதானப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை. "அஞ்சு நாள் அவ பேசல."

கொட்டகைத் தூணருகில் காலடி அரவம். சுமியாதி நின்றிருந்தாள். கையில் அந்தத் தட்டச்சுத் தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ? தாளின் ஓரம் அவள் விரலில் கசங்கியிருந்தது.

லாரஸ் அவளைப் பார்த்தும் நிறுத்தவில்லை. கினாசியின் பக்கம் திரும்பினாள்.

"வியாழக்கிழமை அவங்க திரும்ப வராங்க. இந்தத் தடவை நானே சொல்லப்போறேன், என் வாயால. நீ ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா பக்கத்துல உக்காரு போதும். வரியா?"

"எத்தனை தடவை கூப்பிடறீங்க?"

"ஒரே தடவைதான்."

கினாசி அம்மாவைப் பார்த்தாள். ரெத்னோவின் மடியில் கிழிந்த அட்டை இரண்டு துண்டாகக் கிடந்தது. சொல்லிக்கொடுக்க அவளிடம் விதி எதுவும் மிச்சமில்லை.

"அவ அந்த வீட்டு வாசப்படி மிதிச்சா இந்தக் கடிதத்தைக் கிழிக்க என்னால முடியாது ரெத்னோ" என்றாள் சுமியாதி. குரலில் மிரட்டலைவிடக் கெஞ்சல்தான் கூடுதலாக இருந்தது. "வியாழக்கிழமை வரைக்கும் இது என் பையிலேயே இருக்கும். அதுக்கு மேல என் கையில இல்ல."

"பையில பத்திரமா வெச்சுக்குங்க அண்ணி. கையெழுத்து இடம் காலியாவே இருக்கும்" என்றாள் ரெத்னோ. பிறகு மகளிடம், "நீயே யோசிச்சுச் சொல்லு" என்றாள்.

கினாசி யோசித்தாள். மற்ற ஐந்து பேரும் சுமியாதியும் லாரஸும் காத்திருந்தார்கள்.

"வரேன்" என்றாள் கடைசியில். "ஆனா ரெண்டு லெம்பர்தான் சாப்பிடுவேன்."